17 ஓட்டில் ஜெயித்தேன், அதற்கப்புறம்தான் தேர்தல்

2022 பிப்ரவரி 22, காலை எட்டரை மணி இருக்கும். ஓட்டு எண்ணும் மேசையில் எங்கள் வார்டு மிஷினைக் கொண்டுவந்து வைத்து, சீல் நம்பரைக் காட்டி, அலுவலர் பட்டனை அழுத்தினார். ஒவ்வொரு பெயருக்கும் நேராக எண் வந்தது. 197. 151. 28. கடைசியாக 214. அது என்னுடையது. பேரூராட்சி வார்டுக்கு ஒரே பூத், ஒரே மிஷின். வெளியே ஏஜென்ட்டுக்கு வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் நான் கவுன்சிலர் ஆகிவிட்டேன்.

17 ஓட்டு வித்தியாசம். மாலையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. ஜனங்கள் போட்ட ஓட்டு வார்டுக்கானது. பேரூராட்சி யார் கைக்குப் போகும் என்பது மார்ச் 4ஆம் தேதி தலைவரைத் தேர்ந்தெடுக்க 15 கவுன்சிலர்கள் மட்டும் போடும் ஓட்டில் இருந்தது. அதற்கு நடுவில் இருந்த பத்து நாளிலும், அதற்குப் பின்னால் வந்த ஒரு வருடத்திலும் நான் கற்றுக்கொண்டதை அடுத்த முறை நிற்க நினைப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன். கட்சி பலம் இல்லாமல் நிற்கும் பெண்களுக்கு இதில் கொஞ்சம் கூடுதலாக உதவும்.

எங்களுடையது கொங்குப் பக்கம் 15 வார்டு உள்ள ஒரு பேரூராட்சி. ஊர் பெயர் வேண்டாம். சின்ன ஊரில் ஊர் பெயரைச் சொன்னால் ஆள் பெயரைச் சொன்ன மாதிரிதான். பேரூராட்சி ஆபீஸுக்கு எதிர் வரிசையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டுகிறார்.

நான் நின்றதற்குக் காரணமே அந்தக் கடைதான். 2011இல் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அப்போது அறிவித்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்கப்புறம் வார்டு மறுவரையறை, இட ஒதுக்கீடு, வழக்கு, கொரோனா என்று ஐந்து வருடத்துக்கு மேல் நகர்ப்புறத்தில் கவுன்சிலரே கிடையாது. தனி அலுவலர் ஆட்சி. தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் போவது? ஆபீஸில் போய்க் கேட்டால் "மனு எழுதிக் குடுங்க" என்பார்கள். எதிரே என் கடை. மனு எழுத 20 ரூபாய் வாங்குவேன், வயசானவர்களுக்குச் சும்மா எழுதித் தருவேன். முதியோர் பென்ஷன், குழாய் இணைப்பு, சாக்கடை அடைப்பு, பட்டா. எந்தத் தெருவில் என்ன பிரச்சினை என்று அந்த ஐந்து வருடத்தில் எனக்குத் தெரிந்த அளவுக்கு எந்தக் கட்சிக்காரருக்கும் தெரியாது. (பக்கத்து ஊராட்சிக்காரர்களுக்கு இப்போது அதே நிலைமை. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, அங்கே தனி அலுவலர் வந்துவிட்டார். மனு எழுத என் கடைக்குத்தான் வருகிறார்கள்.)

எங்கள் வார்டு இட ஒதுக்கீட்டில் பெண்கள் பொது என்று வந்ததும் இரண்டு அணியிலிருந்தும் ஆள் வந்தார்கள். வந்தது என்னிடம் இல்லை, வீட்டுக்காரரின் பட்டறைக்கு. "ஏனுங்க, அம்மிணிய நிறுத்தலாமுங்களா?" என்று அவரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் என்னிடம் சொன்னார். "நிக்கிறது நான்னா கேக்க வேண்டியதும் என்னத்தானே" என்றேன். சுயேச்சையாக நிற்பது என்று அன்றைக்கு ராத்திரி முடிவானது. கொள்கையெல்லாம் இல்லை, கோபம்தான்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதலில் வாக்காளர் பட்டியல். சட்டமன்றப் பட்டியலை வார்டு வாரியாகப் பிரித்துத்தான் உள்ளாட்சிப் பட்டியல் தயாராகிறது. வார்டு எல்லையை 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து மாற்றியிருந்ததால், எங்கள் தெருவில் வடக்கு வரிசை ஒரு வார்டு, தெற்கு வரிசை இன்னொரு வார்டு என்று ஆகியிருந்தது. எனக்குத் தெரிந்தவர்கள் பாதிப் பேர் எனக்கு ஓட்டுப் போட முடியாதவர்கள். இதை மனுத்தாக்கலுக்கு முன்னாலேயே கண்டுபிடித்தது நல்லதாகப் போயிற்று. பட்டியலை என் கடையிலேயே பிரின்ட் எடுத்து வீடு வீடாகப் போய்ச் சரிபார்த்தேன். 780 சொச்சம் பெயர். திருப்பூருக்குக் குடிபோனவர்கள் 40 பேர். இறந்தவர்கள் 13 பேர். கல்யாணமாகி வெளியூர் போன பெண்கள், பெயர் மட்டும் இங்கே இருப்பவர்கள் தனி. இந்த நடையில் நான் யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை. "உங்க பேரு சரியா இருக்குதுங்களா" என்று மட்டும்தான் கேட்டேன். பின்னால் யோசித்துப் பார்த்தால் என் பிரச்சாரம் அதுதான். திருப்பூரில் இருந்தவர்களில் 22 பேர் ஓட்டுப்பதிவு அன்றைக்கு பஸ் ஏறி வந்தார்கள். ஜெயித்தது 17 ஓட்டில் என்பதை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

வேட்பாளர் அந்தப் பேரூராட்சியில் எந்த வார்டு வாக்காளராகவும் இருக்கலாம், ஆனால் முன்மொழிபவர் அதே வார்டுக்காரராக இருக்க வேண்டும். இதில் ஏமாந்தவர்கள் உண்டு. வடக்கு வரிசை, தெற்கு வரிசை கதைதான். மனுவை வாங்கும்போது யாரும் சொல்ல மாட்டார்கள், பரிசீலனையில் தள்ளுபடி ஆகும்போதுதான் தெரியும். அதேபோல வரி பாக்கி. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், கடை இருந்தால் தொழில் வரி, எல்லாவற்றையும் கட்டி ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். என் மனுவில் எதிரணி எழுப்பிய ஒரே ஆட்சேபணை கடைக்குத் தொழில் வரி பாக்கி என்பதுதான். மூன்று நாள் முன்னால் கட்டிய ரசீதை எடுத்து நீட்டினேன். அவர்கள் முகம் போன போக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

டெபாசிட் 1,000 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கு 500. பேரூராட்சி வார்டுக்குச் செலவு வரம்பு 17,000. நான் செலவழித்தது 11,000 சொச்சம். நோட்டீஸ் என் கடையிலேயே அடித்தது, அதற்கும் பில் போட்டு எழுதினேன். எதிரே நின்றவர்கள் செலவழித்ததை வரம்பு என்ற சொல்லோடு சேர்த்துப் பேச முடியாது. தலைக்கு 500, வீட்டுக்கு ஒரு ஹாட்பாக்ஸ். இன்றைக்கும் எங்கள் வார்டில் யார் வீட்டுக்குப் போனாலும் இட்லி அந்த ஹாட்பாக்ஸிலிருந்துதான் வரும். கோபித்துக்கொண்டு பிரயோஜனம் இல்லை. ஒரு பாட்டி சொன்னார்: "அவங்க குடுத்தத வாங்கிட்டேன் சாமி, ஓட்டு உனக்குத்தான். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?" அவர் சொன்னபடி செய்தாரா என்று தெரியாது, செய்திருப்பார் என்றே நம்புகிறேன்.

செலவுக் கணக்கை முடிவு வந்த 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தோற்றவர்களும் கொடுக்க வேண்டும், இது பலருக்குத் தெரிவதில்லை. கொடுக்காவிட்டால் மூன்று வருடத்துக்கு எந்த உள்ளாட்சித் தேர்தலிலும் நிற்க முடியாது. தோற்ற சோகத்தில் கணக்கை மறந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஓட்டுப்பதிவு பிப்ரவரி 19, காலை 7 முதல் மாலை 6 வரை. கடைசி ஒரு மணி நேரம் கொரோனா நோயாளிகளுக்கு. பூத் ஏஜென்ட்டாக நாத்தனார் மகளை உட்கார வைத்தேன், பி.காம். படித்த பெண். அவளுக்கு நான் சொன்னது மூன்று விஷயம்தான்: மாதிரி வாக்குப்பதிவுக்கு நேரத்துக்குப் போ, அது முடிந்ததும் மிஷினை அழித்துப் பூஜ்யம் காட்டச் சொல், சாயங்காலம் மொத்தம் எத்தனை ஓட்டு என்று எழுதி வாங்காமல் எழுந்து வராதே. 590 என்று எழுதிக்கொண்டு வந்தாள். எண்ணும் இடத்தில் மொத்தம் 590 வந்தபோது நான் முதலில் பார்த்தது அதைத்தான், 214ஐ இல்லை.

ஒரே மிஷின் என்பதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. எம்.எல்.ஏ. தேர்தலில் ஒரு தெருவின் ஓட்டு லட்சத்தில் கரைந்துவிடும். இங்கே 590 ஓட்டு. எந்தத் தெரு எங்கே சாய்ந்தது என்று மறுநாளே டீக்கடையில் கணக்குப் போட்டு முடித்துவிடுவார்கள். தோற்றவர்கள் அந்தக் கணக்கை மறப்பதே இல்லை.

என் மாமியார் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, "ஏங்கண்ணு, ஒரே ஓட்டுதானா? தலைவருக்கு எங்க போடறது?" என்று கேட்டார். அவர் 2011இல் இரண்டு ஓட்டுப் போட்டவர், ஒன்று கவுன்சிலருக்கு, இன்னொன்று தலைவருக்கு நேரடியாக. 1996இலும் 2001இலும் அப்படித்தான். நடுவில் 2006இல் கவுன்சிலர்களே தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2022க்கும் அதே மறைமுக முறை, 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மாற்றியது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் தனக்கு வசதியான நேரத்தில் இதை மாற்றியிருக்கிறது. மாமியாரிடம் "தலைவருக்கு உங்களுக்குப் பதிலா நான் போடுவேன் அத்தை" என்றேன். "அப்ப பாத்துப் போடு" என்றார். அன்றைக்குச் சிரித்தேன்.

முடிவு வந்தபோது கணக்கு இப்படி இருந்தது. பெரிய கட்சி ஒன்றுக்கு 7 இடம், அதன் கூட்டணிக் கட்சிக்கு 1, எதிரணிக்கு 5, சுயேச்சை நாங்கள் இரண்டு பேர். கூட்டணிக்கு 8 இருக்கிறது, பெரும்பான்மை, என்னை எதற்குத் தேடப்போகிறார்கள் என்றுதான் இருந்தேன். தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கியது. அதைக் கூட்டணிக் கட்சிக்கு விட்டுக்கொடுப்பதாக மேலே பேசி முடித்து அறிவித்தும்விட்டார்கள். அங்கேதான் சிக்கல். 7 பேரை ஜெயிக்க வைத்தவர்கள் ஒற்றை ஆளை ஜெயித்த கட்சிக்கு நாற்காலியைக் கொடுக்க ஒத்துக்கொள்வார்களா? அந்த ஏழு பேரில் ஒருவர், ஊரில் செல்வாக்குள்ள நிர்வாகியின் மனைவி, போட்டி வேட்பாளராக நிற்பது என்று ரகசியமாக முடிவாகிவிட்டது.

மார்ச் 2 பதவிப்பிரமாணம். அன்று ராத்திரியே இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். காப்பி குடித்தார்கள், மாமியாரின் முழங்கால் வலியை விசாரித்தார்கள், ஒரு துணிப்பையை டீப்பாய் மேல் வைத்தார்கள். "ரெண்டு நாளைக்கு ஏற்காடு போயிட்டு வரலாமுங்க அக்கா, குடும்பத்தோட." நான் பையைத் தொடவில்லை. "செலவுக் கணக்கு இன்னும் குடுக்கல, இத எந்தப் பத்தியில எழுதறதுங்க?" என்று கேட்டேன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்னொரு சுயேச்சை ஏற்காட்டுக்குப் போனார். 4ஆம் தேதி காலையில், மார்ச் மாத வெயிலில், கையில் ஸ்வெட்டரோடு வேனிலிருந்து இறங்கினார்.

காலை ஒன்பதரைக்கு மன்றக் கூடத்தில் தலைவர் தேர்தல். ஓட்டுச்சீட்டு, மறைப்பு, பெட்டி எல்லாம் முறையாகத்தான் இருந்தன. போட்டி வேட்பாளருக்கு 9, அறிவிக்கப்பட்டவருக்கு 6. யார் எங்கே போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். எதிரணியின் 5 பேரில் ஒருவராவது போட்டி வேட்பாளர் பக்கம் போகாமல் அந்த 9 வராது. ஊர் முழுக்க மைக் வைத்துத் திட்டிக்கொண்ட இரண்டு கட்சியும் ஒரு காலை வேளையில், ஒரு பெட்டிக்குள் ஒன்றாகியிருந்தன. கட்சி ஆட்சி என்று மேலே வரைந்த படத்துக்கும் ஊருக்குள் நடப்பதற்கும் உள்ள தூரத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எங்கள் ஊர் மட்டும் இல்லை. அன்றைக்குப் பல ஊர்களில் இதேபோல் கூட்டணிக்கு ஒதுக்கிய இடங்களில் போட்டியாக நின்று ஜெயித்தார்கள். அவர்களை ராஜினாமா செய்துவிட்டுத் தன்னை வந்து பார்க்கச் சொல்லி முதலமைச்சரே அறிக்கை விட்டார். சில ஊர்களில் செய்தார்கள். எங்கள் ஊரில் செய்யவில்லை. கட்சியை விட்டு நீக்கினார்கள், பதவி அப்படியே இருந்தது. கட்சித்தாவல் தடைச் சட்டம் எம்.எல்.ஏ., எம்.பி.க்களுக்குத்தான், நம் ஊர் கவுன்சிலருக்கு இல்லை. பாலக்காட்டுப் பக்கம் எல்லை தாண்டினால் கதை வேறு. கேரளத்தில் 1999லேயே உள்ளாட்சிக்கென்று தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கே கட்சி கவுன்சிலரை மிரட்டலாம், கெஞ்சலாம், நீக்கலாம், பதவியைப் பறிக்க முடியாது. சில மாதம் கழித்து நீக்கியவர்களையே சத்தமில்லாமல் சேர்த்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதில் என் முட்டாள்தனம் ஒன்று இருக்கிறது. நான் ஓட்டுப் போட்டது தோற்ற பெண்ணுக்கு. அந்த ஆறு பேரில் நானும் ஒருத்தி. ரகசிய ஓட்டு, சட்டம் எனக்குக் கொடுத்த ஒரே பாதுகாப்பு. அந்தப் பெண் கூட்டம் முடிந்து வராந்தாவில் அழுதுகொண்டு நின்றாள். தோளைத் தொட்டு, "நான் உனக்குத்தான் கண்ணு போட்டேன்" என்றேன். ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை. சாயங்காலத்துக்குள் அது தலைவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நிற்கப் போகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: மறைமுகத் தேர்தலில் யாருக்குப் போட்டீர்கள் என்பதை வீட்டில்கூடச் சொல்லாதீர்கள். முக்கியமாக, பாவம் பார்த்துச் சொல்லாதீர்கள்.

பழிவாங்கல் சினிமாவில் வருகிற மாதிரி வரவில்லை, குழாயில் வந்தது. எங்கள் வார்டுக்கு ஐந்து நாளைக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் தண்ணீர். ஏப்ரலில் அது முக்கால் மணி நேரம் ஆனது. வால்வு திறக்கிறவரிடம் கேட்டால், "மோட்டார் ஓடலீங்க", "கரண்ட் இல்லீங்க", கடைசியில் "என்னய எதுக்குங்க கேக்கறீங்க" என்றார். அவர் ஒப்பந்தத் தொழிலாளி, அவரோடு சண்டை போட்டு என்ன ஆகும்? நானும் முதல் இரண்டு மாதம் ஆபீஸில் போய்ச் சத்தம்தான் போட்டேன். கிளார்க் என் தலைக்கு மேல் பார்த்து, "சார் வரலீங்களா?" என்பார். வீட்டுக்காரரைத்தான் கேட்கிறார். அவர் காயில் கட்டிக்கொண்டிருக்கிறார், கவுன்சிலர் நான் என்பேன். சிரிப்பார்.

அப்புறம்தான் கடைக்காரி புத்தி வேலை செய்தது. 40 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். தேதி, வால்வு திறந்த நேரம், மூடிய நேரம், அந்த நேரத்தில் குழாயடியில் இருந்த ஒருவர் கையெழுத்து. அதே தொட்டியிலிருந்து தண்ணீர் போகும் பக்கத்து வார்டிலும் ஒரு தோழியிடம் இன்னொரு நோட்டைக் கொடுத்தேன். 60 நாள், 12 முறை தண்ணீர். எங்களுக்குச் சராசரி 45 நிமிஷம், அவர்களுக்கு இரண்டு மணி பத்து நிமிஷம். இரண்டு நோட்டையும் ஜெராக்ஸ் எடுத்து, ஒரு பக்கக் கடிதத்தோடு செயல் அலுவலரிடம் கொடுத்து நகலில் சீல் வாங்கினேன். மன்றக் கூட்டத்தில் நான் சத்தமே போடவில்லை. "ஆபீஸ் பதிவேட்டுல எங்க வார்டுக்கு எத்தன நேரம்னு எழுதியிருக்குதுங்க?" என்று மட்டும் கேட்டேன். பதிவேட்டில் இரண்டு மணி நேரம் என்று இருந்தது. கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த முறை தண்ணீர் ஒரு மணி ஐம்பது நிமிஷம் வந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. "மோட்டார் பழுது சரிசெய்யப்பட்டது" என்று எழுதிக்கொண்டார்கள். எழுதிக்கொள்ளட்டும்.

கட்சி கையில் இருக்கும் மன்றத்தில் ஒற்றை ஆளால் தோற்கடிக்கக்கூடிய தீர்மானம் எதுவும் கிடையாது. 2022 ஏப்ரல் 1ஆம் தேதி அரசு சொத்து வரி உயர்வை அறிவித்தது: 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. அதை ஒவ்வொரு மன்றமும் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். புது கவுன்சிலர்கள் ஓட்டுக் கேட்டுப் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அதே வீடுகளுக்கு வரி ஏற்றும் கூட்டம். எழுத்தர் கூட்டப்பொருள் (அஜெண்டா) எண்ணைப் படித்தார், எதிரணி எழுந்து கோஷம் போட்டு வெளிநடப்பு செய்தது, போட்டோவுக்கு வாசலில் நின்றார்கள். உள்ளே "நிறைவேற்றப்பட்டது". மொத்தம் நாலு நிமிஷம். நான் வெளியே போகவில்லை. என் ஆட்சேபணையை முதல் நாளே எழுத்தில் கொடுத்திருந்தேன், அதைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொன்னேன். வெளிநடப்பு செய்தவர்கள் பெயர் மறுநாள் பேப்பரில் வந்தது. என் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. பிரயோஜனம் என்னவென்றால், மக்கள் ஆட்சேபணை தெரிவிக்க 30 நாள் உண்டு என்பது உள்ளே உட்கார்ந்திருந்ததால்தான் தெரிந்தது. கடையில் உட்கார்ந்து 140 மனு எழுதினேன். விகிதம் மாறவில்லை. ஆனால் அளவு தப்பாகப் போட்டிருந்த 11 வீடுகளுக்குத் திருத்தம் கிடைத்தது. ஓடு போட்ட வீட்டைத் தார்சு வீடு என்று எழுதியிருந்தது ஒன்று.

அதனால் கூட்டப்பொருள் வந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் முழுக்கப் படியுங்கள். வருகைப் பதிவேட்டில் முதலிலேயே கையெழுத்து வாங்கிவிட்டு, பொருளை அப்புறம் கையில் தருவது வழக்கமாகவே இருக்கிறது. எந்த வேலை எந்த நிதியில் வருகிறது என்று பாருங்கள். பொது நிதி, அதாவது பேரூராட்சியின் சொந்தப் பணம் என்றால் தலைவர் தயவு வேண்டும். நிதிக்குழு மானியம், அதாவது நிதிக்குழு பரிந்துரையில் அரசிடமிருந்து வரும் பணம் என்றால் கொஞ்சம் விதிமுறை இருக்கும், அதைக் காட்டிக் கேட்கலாம். எனக்குக் கைகொடுத்தது நமக்கு நாமே திட்டம். மக்கள் தங்கள் பங்கைக் கட்டினால் அரசு மீதியைப் போடும். பங்குப் பணம் கட்டிய ரசீது இருக்கும்போது "நிதி இல்லை" என்று யாராலும் சொல்ல முடியாது. திருப்பூரில் இருக்கும் அந்த 22 பேரில் பாதிப் பேர் பணம் அனுப்பினார்கள். வேலை நடக்கும்போது கவனிக்க வேண்டியது எம்-புக், அதாவது அளவுப் புத்தகம். கான்கிரீட் ஆறு அங்குலம் என்று அதில் எழுதுவதற்கு முன்னால் டேப்போடு போய் நில்லுங்கள். பெண்பிள்ளை டேப் பிடித்தால் சிரிப்பார்கள். என் வீட்டுக்காரரின் டேப், நல்ல ஸ்டீல் டேப், அதைத்தான் எடுத்துப் போவேன்.

தலைவரைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஒரு வருடம் அவரை நான் எதிரி என்றே நினைத்தேன். அவர் அறையில் அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே அவர் வீட்டுக்காரருக்கு ஒரு நாற்காலி கிடக்கும், எல்லாரும் பேசுவது அந்த நாற்காலியோடுதான். மன்றக் கூடத்துக்குள் அந்த வீட்டுக்காரரால் உட்கார முடியாது, அதனால் தலைவர் அடிக்கடி போனைப் பார்த்துக்கொண்டே பேசுவார். ஒரு டிசம்பரில் அந்த அண்ணன் மாலை போட்டுச் சபரிமலைக்குப் போனார். அந்த வாரம் நான் அறைக்குள் போனபோது பக்கத்து நாற்காலி காலி. தலைவர் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, உங்க சாக்கடை ஐட்டத்த இந்த மாசமே குடுத்துருங்க." அன்றைக்கே கொடுத்தேன், அந்தக் கூட்டத்திலேயே நிறைவேறியது. எட்டு மாதமாக ஒத்திப்போட்ட வேலை. அப்புறம் எங்களுக்குள் பெரிய நட்பெல்லாம் வந்துவிடவில்லை. ஆனால் நான் ஆளைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டேன். போனைப் பார்த்துக்கொண்டிருப்பவர் எல்லாம் போனில் இருப்பவர் இல்லை.

சம்பளம் என்ன என்று எல்லாரும் கேட்கிறார்கள். முதலில் கூட்டத்துக்குப் படி மட்டும்தான். 2023 ஜூலையிலிருந்து பேரூராட்சி உறுப்பினருக்கு மாதம் 2,500 மதிப்பூதியம். தலைவருக்கு 10,000. ஜெராக்ஸ் கடையை மூடிவிட்டு இதை நம்பி வராதீர்கள்.

கட்சியில் சேர்ந்திருந்தால் இன்னும் நிறையச் செய்திருக்கலாமே என்றும் கேட்கிறார்கள். செய்திருக்கலாம். மறுக்கவில்லை. கட்சிக் கவுன்சிலர் வார்டில் எல்.இ.டி. விளக்கு எனக்கு முன்னாலேயே வந்தது. அவர்களுக்கு ஒரு போன் போதும், எனக்கு மூன்று கடிதம் வேண்டும். ஆனால் 2024 ஜூலையில் கோவை, நெல்லை மேயர்களே பதவியை விட்டு இறங்கினார்கள், சொந்தக் கட்சிக்குள்ளேயே. காஞ்சிபுரம் மேயர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்த அன்று கூட்டத்துக்கு ஒரு கவுன்சிலரும் வராமல் அது கைவிடப்பட்டது. அந்த நியூஸைக் கடை டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர், "உன்னய யாரு எறக்குவாங்க?" என்றார். எறக்குவதற்கு எனக்கு மேலே யாரும் இல்லை. தூக்கிவிடவும் யாரும் இல்லை.

போன வாரம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும், கையில் பென்டிரைவ். வாக்காளர் பட்டியலைப் பிரின்ட் எடுக்க வேண்டும் என்றாள். மிஷினில் பேப்பரைப் போட்டுக்கொண்டே எந்த வார்டு என்று கேட்டேன்.

"உங்க வார்டுதானுங்க அக்கா" என்றாள், கொஞ்சம் தயங்கி.

28 பக்கம் வந்தது. பக்கத்துக்கு 2 ரூபாய். 56 ரூபாய் வாங்கிக்கொண்டு, வடக்கு வரிசை நம் வார்டில் வராது என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.